லிப்டில் வந்த பேய்க்கு என்ன வேணும்?

நான் எடுத்த முதல் பேய்ப் படத்தைக் கண்டு உண்மையாகவே பயந்தவர்கள் இரண்டே இரண்டு பேர்தான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் அல்ல. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் லிப்டுக்குக் காத்து நின்றவர்கள். இதை வெளியே சொல்ல எனக்கு ஏழு வருடம் எடுத்தது. அதற்குள் என் குடும்பத்தார் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. ஆறு நாள் சினிமாப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்திருந்தேன் (ஆறாம் நாள் காய்ச்சல், போகவில்லை). ஐந்து நாளில் கிடைத்த ஞானத்தை வைத்துக்கொண்டு, சனம் கைதட்டிப் பார்க்கிற எந்தப் படத்தையும் மதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பாட்டு இருந்தால் குப்பை, சண்டை இருந்தால் குப்பை, பேய் இருந்தால் மகா குப்பை. என் முதல் குறும்படத்தில் இது எதுவும் இருக்கவில்லை. எங்கள் பல்கனியில் கட்டியிருந்த கொடியில் உடுப்புகள் மழையில் நனைவதை ஒன்பது நிமிடம் அசையாமல் எடுத்திருந்தேன். பெயர் வைத்தால் அர்த்தம் சுருங்கிவிடும் என்று பெயர்கூட வைக்கவில்லை.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்தில் துளசி அக்கா தூங்கிவிட்டாள். அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உடுப்பெல்லாம் நனையுது, எடுக்காமல் கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனியோ?"

அன்றைய விமர்சனம் அவ்வளவுதான். பட்டறையில் என்னோடு படித்த ஃபர்ஹானாவிடம் ஆறுதல் தேடிப் போனேன். ஃபர்ஹானாவுக்குக் கிராண்ட்பாஸில் வீடு. கலியாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது தொழில். எந்த மாமா எந்த நிமிடத்தில் அழுவார் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவள். அவள் என் படத்தை முழுதாகப் பார்த்தாள். மழை நன்றாக இருக்கிறது, கதை எப்போது வரும் என்று கேட்டாள். பிறகு இருபது பேய்ப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்து, படம் எடுக்கப் பழகவேண்டும் என்றால் முதலில் சனம் பார்க்கிற படத்தைப் பார் என்றாள்.

நக்கலடிப்பதற்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி, கையில் மணிக்கூடு. எத்தனையாவது நிமிடத்தில் பேய் வருகிறது, அதற்கு முதல் என்ன நடக்கிறது என்று குறித்தேன். ஆறாவது படத்தில் நக்கல் குறைந்தது. பதினோராவது படத்தில் கொப்பியைப் பிடித்துக்கொண்டே கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன் (கட்டிலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று தெரியும், என்றாலும்). நான் குப்பை என்று சொன்ன படங்களுக்குள் கடிகாரத்தைப் போல ஒரு ஒழுங்கு இருந்தது. நல்ல படங்களில் பேய் லேசில் முகம் காட்டாது. ஒரு குழாய் சொட்டும், ஒரு கதவு தானாகத் திறக்கும், அவ்வளவுதான். பயப்படுத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டிருப்பவனுக்குத் தயாராக நேரம் இல்லை. இதையெல்லாம் கண்டுபிடித்தது நான்தான் என்ற எண்ணத்தில் விதி ஒன்று, விதி இரண்டு என்று இலக்கமிட்டுச் சிவப்புப் பேனையால் கீழே கோடும் போட்டேன்.

பிறகு எங்கள் லிப்டை வைத்து ஒரு பேய்க் கதை எழுதினேன். கடலுக்குப் பக்கத்து ஒழுங்கை என்பதால் உப்புக் காற்றுப் பட்டு, அந்த லிப்ட் திறக்கும்போது பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் போடும். அதற்குத் தனியாகப் பின்னணி இசை தேவையில்லை. ஃபர்ஹானா கதையைப் படித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"எல்லாஞ் சரி. ஒன்ட பேய்க்கு என்னதான் வேணுமாம்?"

பேய்க்கு என்ன வேண்டும், பேயாக இருப்பதே ஒரு வேலைதானே என்று நினைத்திருந்தேன். மறுபடி கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மனதில் நின்ற பேய்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டிருந்தது. ஆகவே என் பேயைக் கலியாணப் பெண் ஆக்கினேன். மாப்பிள்ளை வருவான் என்று காத்திருந்து லிப்டுக்குள்ளேயே செத்துப்போனவள். லிப்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவன்தானா என்று பார்ப்பாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம்: "நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

பேயாக நடிக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. துளசி அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சத்தமாகச் சிரிக்கமாட்டாள், யாரையும் நேரே பார்த்துக் கதைக்கமாட்டாள். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். மூன்று வரை எண்ணச் சொன்னால் இரண்டேமுக்காலில் நிறுத்துகிற ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அதற்கு முதல் வந்த இரண்டும் சாதகத்தில் தட்டிப்போயிருந்தன. இது பொருந்தியது. மாப்பிள்ளையின் பெயர் சுதன். வீடு கொட்டாஞ்சேனை, வேலை ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கி வைக்கிற ஒரு யாட்டில். இனி மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையைப் பார்க்கவேண்டும். எங்கள் ஆட்களின் வழக்கப்படி அதை நேரடியாகச் செய்ய முடியாது. பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதையில்லை. அதனால் கோயிலில் 'தற்செயலாக' சந்திக்கவேண்டும். அந்தத் தற்செயல், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, பிள்ளையார் கோயிலில் தெற்குப் பக்கத் தூணடியில் என்று மூன்று போன் அழைப்புகளில் முடிவு செய்யப்பட்டது. அம்மா கந்தோரில் வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வருவார். அக்காவைச் சேலை உடுத்தி நேரத்துக்குக் கூட்டிவருவது என் பொறுப்பு.

இதைப் பெரிதாக எடுக்காமல் இருந்திருப்பேன். ஆனால் அக்காவின் கணிதப் புத்தகம் ஒன்றை எடுத்தபோது அதற்குள் சுதனின் போட்டோ இருந்தது. முதல் வந்த இரண்டு போட்டோக்களும் சாப்பாட்டு மேசையில் மீன் வாங்கிய சிட்டையோடு கிடந்தவை. இதை மட்டும் அவள் ஒளித்து வைத்திருந்தாள். நான் கண்டுவிட்டதைப் பார்த்து முகம் சிவந்து, புத்தகத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவுக்கு இது சரிவரவேண்டும் என்று அன்றைக்கு நான் மனதார ஆசைப்பட்டேன். ஆசைப்பட்ட நான் என்ன செய்தேன் என்றால், படப்பிடிப்பையும் அதே வெள்ளிக்கிழமைக்கு வைத்தேன். அன்றைக்குத்தான் ஃபர்ஹானாவுக்குக் கலியாண வேலை இல்லை. மூன்று மணிக்குத் தொடங்கினால் நாலரைக்கு முடிந்துவிடும், ஒரே ஒரு ஷொட்தானே என்று கணக்குப் போட்டேன்.

கணித ஆசிரியைக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் தங்கச்சி கேட்டாளே என்று வந்து நின்றாள். அம்மாவின் கூறைச்சேலையை அலுமாரியில் இருந்து கேட்காமலே எடுத்தேன். முகத்துக்குப் பவுடர், கண்ணைச் சுற்றிக் கரைந்து வழிகிற மாதிரிக் கண்மை, வாயோரத்திலும் விரல்களிலும் பீட்ரூட் சாறு. மூன்றாம் மாடிக் கொரிடோரில் இருந்த பல்புகளைக் கழற்றினேன். ஃபர்ஹானா பெரிய கமராவோடு லிப்டுக்கு வெளியே நின்றாள். தன் போனை லிப்டின் உள்ளே மேல் மூலையில், அக்காவின் தலைக்கு மேலாகக் கதவைப் பார்க்கிற மாதிரி ஒட்டினாள்.

ஷொட் இதுதான். மூடிய லிப்டுக்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நான் வெளியே பட்டனை அமத்துவேன். கதவு திறந்ததும் அவள் மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சிரித்து, வசனத்தைச் சொல்லவேண்டும். என்ன நடந்தாலும் நான் 'கட்' சொல்லும்வரை நடிப்பை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

முதல் தடவை அக்காவுக்குப் பவுடரில் தும்மல் வந்தது. இரண்டாம் தடவை கடலோர ரெயில் கத்திக்கொண்டு போனது. மூன்றாம் தடவை எல்லாம் அருமையாக வந்தது, ஆனால் ரெக்கோர்ட் பட்டனை அமத்த மறந்துவிட்டோம் (நான் இல்லை, ஃபர்ஹானா. அவளைக் கேட்டால் நான் என்பாள்). இதற்கிடையில் அக்காவிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஷொட்டை இரண்டு தடவை மாற்றியும் இருந்தேன். மணி ஐந்து பத்து. கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சினேன். கதவு மூடியது. பட்டனை அமத்தக் கையை நீட்டினேன். அதற்குள் லிப்ட் உறுமிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கிவிட்டது.

கீழே யாரோ பட்டனை அமத்திவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாலாம் மாடி அன்ரியாக இருக்கும், சமாளிக்கலாம் என்றேன். கீழே கதவு பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு லிப்டின் சுரங்கம் வழியாக ஒரு அலறல் மேலே வந்தது. இருபது படங்கள் பார்த்தவள் சொல்கிறேன், அப்படியொரு அலறலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. ஆணுடைய குரலாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, மேலே ஏறி, பிரஷர் குக்கர் விசில் போல முடிந்தது. நான் அந்த நேரத்திலும் சத்தம் போனில் விழுந்திருக்குமா என்றுதான் யோசித்தேன். அவ்வளவு நல்ல தங்கச்சி நான்.

நான் பட்டனை அமத்த, லிப்ட் மேலே வந்து திறந்தது. அக்கா நடிப்பை விட்டிருந்தாள். வழிந்த கண்மைக்குள் கண்கள் அகல விரிந்திருந்தன.

"அபி," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், "அவர்தான்."

பிறகு செக்யூரிட்டி பந்துல அங்கிள் சொல்லித்தான் முழுக் கதையும் தெரியவந்தது. எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பிள்ளையைப் பார்ப்பதற்கு முதல், பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் சத்தம்போடாமல் விசாரிப்பார்கள். சுதனும் தாயும் கோயிலுக்குப் போகிற வழியில் அதற்காகத்தான் இறங்கியிருந்தார்கள். தாய் அங்கிளிடம் சிங்களத்தில் விசாரிக்க, சுதன் வெட்கத்தில் ஒதுங்கிப்போய் லிப்ட் பட்டனை அமத்திக்கொண்டு நின்றிருக்கிறார். அங்கிள் எங்களுக்காக நன்றாகத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார். "லமயா ஹரி அஹின்சகய்" என்றாராம். பிள்ளை சரியான அப்பாவி என்று அர்த்தம். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே ஒட்டியிருந்த போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. கதவு திறக்கிறது. சுதன் நிற்கிறார். பேய் கண்ணைத் திறந்து, தலையைச் சாய்த்துச் சிரித்து, தான் போட்டோவில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையிடமே, "நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்கிறது. சுதன் அலறிக்கொண்டு தாய்க்குப் பின்னால் ஒளிகிறார். தாய் அலறவில்லை. குடையை வாள் மாதிரி நீட்டிக்கொண்டு மகனுக்கு முன்னால் வருகிறார். கதவு மூடுகிறது. நான் விரும்பியிருந்தால்கூட இப்படியொரு ஷொட்டை எழுதியிருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அதை ரசிக்க முடியவில்லை. அக்கா குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாளா, கழுவுகிறாளா என்று கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது சம்பந்தத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கொப்பியைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்றேன். அவர்கள் எப்படியும் வரமாட்டார்கள். அக்கா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்மை போகவேயில்லை. பீட்ரூட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

"ஆறு மணி எண்டு சொன்னது. ஆறு மணிக்கு நிப்பம்," என்றாள்.

அவள் வேறு சேலை உடுத்தியதும் ஓட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காலி வீதிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் அம்மா மல்லிகைச் சரத்தோடு நின்றார். அக்காவின் விரல்களைப் பார்த்து மருதாணியா, நல்ல யோசனை என்றார். கண்ணைப் பார்த்து நித்திரை கொள்ளவில்லையா என்று கேட்டார். இரண்டுக்கும் ஓம் என்று தலையாட்டினோம்.

தெற்குத் தூணடியில் அவர்கள் நின்றார்கள். ஏன் வந்தார்கள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. வராமல் விட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், ஐந்தேகாலுக்கு எங்கள் ஃபிளாட்டில் என்ன வேலை என்ற கேள்வி வரும். விசாரிக்க வந்தோம் என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வாயால் சொல்லமாட்டார்கள். நாங்களும் லிப்டில் இருந்த பேய் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றோம். நடந்தது எதுவும் தெரியாதவர் அம்மா ஒருவர்தான்.

"அட, நீங்களும் இந்தக் கோயிலுக்குத்தான் வாறனீங்களோ?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். சுதனின் தாயும் அதே அளவு ஆச்சரியப்பட்டு, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். கேட்கும்போது அவரின் பார்வை அக்காவின் கண்ணில் இருந்து விரலுக்கும், விரலில் இருந்து கண்ணுக்கும் போய்வந்தது. குடையை இறுக்கிப் பிடித்திருந்தார். என் வாழ்க்கையில் நேரில் பார்த்த மிகச் சிறந்த நடிப்பு அதுதான். சுதனால் அந்தளவுக்கு முடியவில்லை. தூணுக்குப் பின்னால் பாதியும் வெளியே பாதியுமாக நின்றார். பூசை மணி அடித்தபோது துள்ளியதில் கையிலிருந்த விபூதி முழுவதும் சட்டையில் கொட்டியது.

அக்கா பிரகாரம் சுற்றத் தொடங்கினாள். முதல் சுற்றில் தூணைத் தாண்டிப் போனாள். இரண்டாம் சுற்றிலும் தாண்டிப் போனாள். மூன்றாவது சுற்றில் தூணடியில் நின்றாள். வாழ்க்கையில் யாரையும் நேரே பார்த்துக் கதைக்காத என் அக்கா, சுதனை நேரே பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

சுதன் அவளைப் பார்த்தார். அவளுடைய உதடு நடுங்குவதை நான் கண்டேன், அவரும் கண்டிருக்கவேண்டும். இந்தப் பேய்க்கு என்ன வேண்டும் என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. விபூதி படிந்த சட்டையை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓம்," என்றார். "கொஞ்சம் சுணங்கிப் போச்சு."

பிறகு சிரிக்கத் தொடங்கினார். கோயிலுக்குள் அப்படிச் சிரிக்கக்கூடாது. ஐயர் திரும்பிப் பார்த்தார். தாய் குடையால் மகனின் கையில் ஒன்று போட்டார். ஆனால் அவருடைய முகத்திலும் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவும் சிரித்தாள், சத்தமாக. அம்மா என் காதுக்குள் குனிந்து, பொடியன் கொஞ்சம் விளையாட்டுப்பிள்ளை போல, பரவாயில்லை, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

கூறைச்சேலையின் மடிப்புக்குள் பீட்ரூட் கறையை அம்மா கண்டுபிடித்தது ஞாயிற்றுக்கிழமை. நான் வாங்கியதை இங்கே விவரிக்கவேண்டியதில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்காக அம்மா மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்தார். பிறகு அவர் தன் குற்றத்தையும் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு லிப்டில் மூன்றாம் மாடிக்கு வர நினைத்தது, எங்கள் வாசலில் செருப்புகள் ஒழுங்காகக் கிடக்கின்றனவா என்று பார்க்கத்தானாம். இரண்டு பேரும் போனில் வெகுநேரம் சிரித்தார்கள். அடுத்த மாதம் கலியாண எழுத்து நடந்தது.

படம் அடுத்த வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மண்டபத்தில் திரையிடப்பட்டது. சுதன் அத்தானிடம் அனுமதி வாங்கி அந்த அலறலை அப்படியே வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் மண்டபம் முழுதும் துள்ளியது. துள்ளி முடிந்ததும் வெடித்துச் சிரித்தது. ஒன்பது நிமிடம் உடுப்பு நனைய வைத்தவளுக்கு, முன்பின் தெரியாத ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விடுகிற சத்தத்தைக் கேட்கக் கிடைத்தது அன்றைக்குத்தான். இருட்டுக்குள் நின்று அழுதுவிட்டேன். அலறியவர் யார், எங்கே நடிப்புப் படித்தவர் என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த அத்தான் எழுந்து கையை உயர்த்தினார்.

படம் எடுக்கப் பழகுகிற தம்பி தங்கச்சிகள் இப்போது என்னிடம் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். சனம் நிரம்பி வழிந்த ஒரு பேய்ப் படத்தையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறேன். பேய்க்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கும்வரை எழும்பக்கூடாது என்றும் சொல்கிறேன். லிப்ட் படத்துக்குப் பிறகு நான் எடுத்த எல்லாப் படங்களிலும் அந்த அலறல் ஏதாவது ஒரு மூலையில் இருக்கிறது. ஒரு சவர்க்கார விளம்பரத்தில்கூட வைத்தேன்.

அத்தான் இன்றுவரை எங்கள் வீட்டு லிப்டில் ஏறுவதில்லை. மூன்று மாடியும் நடந்துதான் வருவார். அத்தானின் தாய் வருகிறார் என்றால் அம்மா முதலில் ஓடிப்போய் வாசல் செருப்புகளை அடுக்குவார். ஒருகொடவத்தையில் லொறிகள் மறித்து, அத்தான் வேலையால் வரப் பிந்துகிற நாட்களில் அக்காவின் போனுக்கு இரண்டு சொல்லில் ஒரு செய்தி வரும்: "சுணங்கிப் போச்சு." அக்கா எழுத்தில் பதில் போடுவதில்லை. அந்த அலறலைத்தான் அனுப்பிவிடுவாள்.